அப்பாவின் சதாபிஷேகத்துக்குப் பெரிய ஜெட் எடுக்கலாமா? 42 லட்சம் சொல்கிறார்கள்

பீன்யா_மாறன் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பீன்யாவில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன், வீடு மல்லேஸ்வரம். தை மாதம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். பெங்களூரில் இருந்து குடும்பத்தில் 13 பேர் போகிறோம். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. எட்டு மணி நேரம் காரில் உட்கார வைக்க முடியாது.

ஒரு ஏஜென்ட் மூலம் சார்ட்டர், அதாவது முழு விமானத்தையும் வாடகைக்கு எடுப்பது பற்றி விசாரித்தேன். 13 சீட் எம்ப்ரேயர் லெகசி. பெங்களூரில் இருந்து திருச்சி, அங்கே இரண்டு ராத்திரி நிற்கும், மூன்றாம் நாள் திரும்பும். மணிக்கு 5.5 லட்சம் வீதம் 6 மணி நேரத்துக்கு 33 லட்சம், இதர கட்டணம் 3 லட்சம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 42 லட்சத்து 48 ஆயிரம்.

பெங்களூர் டு திருச்சி 50 நிமிஷம் என்று அவர்களே சொல்கிறார்கள். போக வர ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 6 மணி நேரம் எங்கிருந்து வந்தது? ஏமாற்றுகிறார்களா? எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று மட்டும் கேட்க வேண்டாம். அதை வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்.

அல்சூர்_தம்பி | திங்கள், இரவு 9.52

உங்களுக்கு எதுக்கு அண்ணா இதெல்லாம்?

மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் என்று ஒன்று தினமும் ஓடுகிறது. இப்போது கடலூர் துறைமுகம் வரை நீட்டிவிட்டார்கள். சாயந்திரம் மெஜஸ்டிக் ஸ்டேஷனில் ஏறினால் காலை காபிக்கு மாயவரம். அங்கிருந்து கோயில் 22 கிலோமீட்டர். எமனையே எட்டி உதைத்த ஊருக்குப் போக இவ்வளவு அவசரம் எதற்கு?

ராம்ப்_ராஜா | திங்கள், இரவு 10.31

மாறன் சார், தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் ஒன்பது வருஷம் தரைப்பணியில் இருந்தவன் நான். தனியார் விமானங்களுக்கு வண்டி இழுப்பது, தண்ணீர் நிரப்புவது, கழிவறை டேங்க் காலி செய்வது எல்லாம் பார்த்திருக்கிறேன். பணக்காரர்களின் கழிவறையும் கழிவறைதான் என்று தெரிந்துகொண்ட வேலை அது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏமாற்றவில்லை. வாடகைக் கார் ஷெட்டில் இருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை மீட்டர் ஓடும் அல்லவா, இதுவும் அப்படித்தான். அந்த அளவு விமானங்கள் பெரும்பாலும் மும்பையிலும் டெல்லியிலும்தான் நிற்கும். மும்பையில் இருந்து காலியாகப் பெங்களூர் வர ஒன்றரை மணி நேரம், திருச்சிக்கு 50 நிமிஷம். இதையே திருப்பிப் போட்டால் மொத்தம் 4 மணி 40 நிமிஷம். இதில் நீங்கள் உட்கார்ந்திருப்பது 1 மணி 40 நிமிஷம் மட்டும். மீதி மூன்று மணி நேரம் காலி சீட்டுக்குக் காசு.

4.40 எப்படி 6 ஆனது? வெளியூரில் விமானம் நிற்கும் நாட்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 2 மணி நேரம் என்று பில் போடுவது இந்தத் தொழிலின் வழக்கம். உங்களுக்கு மூன்று நாள், ஆகவே 6. நடு நாளில் அது திருச்சி ராம்பில், அதாவது விமானம் நிறுத்தும் தளத்தில், வெயில் காயும், நீங்கள் 11 லட்சம் கட்டுவீர்கள்.

அந்த "இதர கட்டணம்" இருக்கிறதே, அதுதான் ஜவ்வு. லேண்டிங், பார்க்கிங், ஹேண்ட்லிங், பைலட்டுகளுக்கும் கேபின் பெண்ணுக்கும் ஹோட்டல், கார், சாப்பாடு. "அசல் பில்லின்படி" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் 3 என்பது 4 ஆகலாம். உச்சவரம்பு எழுதி வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், விமானத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். விடி என்று ஆரம்பிக்கும். அந்த எண், விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ வாடகை விமானங்களுக்குத் தரும் என்எஸ்ஓபி அனுமதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி உள்ளவர்களின் பட்டியல் டிஜிசிஏ தளத்திலேயே இருக்கிறது. சில கம்பெனிகள் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த விமானத்தை ஏஜென்ட் மூலம் மலிவாக விடுவதுண்டு. அது சட்டவிரோதம். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான்.

பீன்யா_மாறன் | திங்கள், இரவு 10.48

ராஜா சார், இவ்வளவு தெளிவாக ஏஜென்ட்கூடச் சொல்லவில்லை. நன்றி. பதிவு எண்ணைக் கேட்டால் "ஒரு நாள் முன்னால் தருகிறோம்" என்கிறார்.

ராம்ப்_ராஜா | திங்கள், இரவு 10.50

அப்படியென்றால் அவர் கையில் இன்னும் விமானம் இல்லை.

கோரமங்களா_கௌரி | செவ்வாய், காலை 7.15

அந்த "ஒரு நாள் முன்னால்" கதையை நான் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் வீட்டு அலுவலகத்தில் முதலாளியம்மா தங்கை மகள் கல்யாணத்துக்கு உதய்ப்பூர் போக 12 சீட் விமானம் எடுத்தார்கள். ஏற்பாடெல்லாம் என் தலையில். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை ஆறரைக்கு ஃபோன். "விமானத்தில் டெக்னிக்கல் பிராப்ளம் மேடம், அதே தரத்தில் வேறு ஒன்று அனுப்புகிறோம்." வந்தது 8 சீட் ஹாக்கர். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் "அல்லது இணையான விமானம்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 12 பேரில் நான்கு பேரை யார் இறக்கிவிடுவது? மாமியாரை இறக்க முடியுமா, சம்பந்தி வீட்டாரை இறக்க முடியுமா? கடைசியில் நான், ஒரு பாட்டி, இரண்டு காலேஜ் பிள்ளைகள் என்று நான்கு பேர் டெல்லி வழியாகச் சாதாரண டிக்கெட்டில் போனோம். பாட்டி இன்றுவரை அதை மறக்கவில்லை. வித்தியாசத் தொகை திரும்பி வர நான்கு மாதம்.

பெரிய விமானம் எடுக்கிறவர்களுக்கு இதுதான் பிரச்சினை. சின்ன விமானம் கெட்டுப்போனால் அந்த அளவில் இன்னொன்று கிடைக்கும். 13 சீட் கெட்டுப்போனால் முகூர்த்தத்துக்குள் அதே அளவு எங்கே கிடைக்கும்?

இன்னொரு விஷயம், சாப்பாடு. சார்ட்டர் கேட்டரிங் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். அந்த 8 சீட்டில் போன முதலாளியம்மா கையோடு ஃபாயிலில் சுற்றிய புளியோதரையும் ஒரு ஃப்ளாஸ்க் காபியும்தான் எடுத்துப் போனார். விமானத்தில் தங்க விளிம்பு தட்டு கொடுத்தார்களாம். அதில் புளியோதரையை வைத்து, விரலால் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ இடம் தேடினால் பின்னால் ஒரு குட்டி வாஷ்பேசின். "வளையல் இடிச்சுது கௌரி" என்றார். அவ்வளவுதான் அவருடைய பயண அனுபவம்.

விமானபுரா_தாத்தா | செவ்வாய், காலை 8.02

எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். லெகசி நல்ல விமானம், அதில் குறை சொல்ல மாட்டேன். எம்ப்ரேயர் 145 குடும்பத்துப் பிள்ளை அது. விமானப்படை டெல்லியில் விஐபிக்களுக்கு இதே ரகத்தைத்தான் வைத்திருக்கிறது. நம் ஊர் டிஆர்டிஓ ஆட்கள் முதுகில் ராடாரைக் கட்டி நேத்ரா என்று 2017 ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் விமானப்படையிடம் கொடுத்தார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் தம்பி, அது ஒரே மூச்சில் 6,000 கிலோமீட்டர் போகக்கூடியது. நீங்கள் கேட்பது வான்வழியில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். யானையைக் கட்டி ஒரு கட்டு கீரை ஏற்றி வருகிற கதை. திருச்சிக்கு டிக்கெட் போட்டுப் போகும் சாதாரண ஏடிஆர் விமானத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தூரத்தில் 15, 20 நிமிஷம்தான் மிச்சம்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு முழங்கால் என்கிறீர்கள். இந்த ஜெட்டுக்கு ஏரோபிரிட்ஜ் கிடையாது. கதவே கீழே சாய்ந்து படியாகும். படி குறுகல், ஒரு நேரத்தில் ஒருவர். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு ஏற இடம் இல்லை. உள்ளே உயரம் 6 அடிதான். கழிவறை கடைசியில், மூன்று பகுதி இருக்கைகளையும் தாண்டிப் போக வேண்டும். படத்தில் பார்க்க சோபா மாதிரி இருக்கும். 80 வயதுக்காரருக்கு அந்தப் படி பழனி மலை.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 10.20

கம்பெனி கணக்கில் போட்டுவிடலாம் என்று நினைத்தால் இப்போதே மறந்துவிடுங்கள். தகப்பனார் சதாபிஷேகம் தொழில் செலவு ஆகாது. ஜிஎஸ்டி 18 சதவீதத்துக்கு உள்ளீட்டு வரிக் கழிவும் கிடைக்காது. அதாவது அந்த 6 லட்சத்து 48 ஆயிரம் போனது போனதுதான். சாதாரண எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிசினஸ் கிளாஸுக்கு 2025 செப்டம்பரில் 12ல் இருந்து 18 ஆக்கிவிட்டார்கள்.

தலைக்கு 3 லட்சத்து 27 ஆயிரம் வருகிறது. திருச்சிக்கு ஏடிஆர் டிக்கெட் போக வரப் பத்தாயிரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், 13 பேருக்கு 1.3 லட்சம். வித்தியாசம் 41 லட்சம். விமான நிலையத்தில் காத்திருப்பது, தாத்தா சொன்ன 20 நிமிஷம் எல்லாம் சேர்த்து மிச்சமாவது ஒன்று, ஒன்றேகால் மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்தை 41 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள்.

அல்சூர்_தம்பி | செவ்வாய், காலை 10.41

அதுக்கு ஒரேயடியாகச் சொந்தமாக வாங்கிவிடலாமே அண்ணா. நம்ம ஊர் மல்லையாவின் ஏ319ஐ சேவை வரி பாக்கிக்காக ஏலம் விட்டார்களே. முதலில் 152 கோடி அடிப்படை விலை வைத்து, ஆள் வராமல், கடைசியில் 2018ல் சுமார் 35 கோடிக்குப் போனது. அதுவரை மும்பையில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நின்றது.

இல்லாவிட்டால் 2021ல் மதுரைக்காரர்கள் செய்த மாதிரி சார்ட்டர் விமானத்திலேயே சடங்கை முடித்துவிடலாம். அவர்கள் வானத்தில் தாலி கட்டினார்கள், நீங்கள் கலசாபிஷேகம் செய்யலாம்.

ராம்ப்_ராஜா | செவ்வாய், காலை 10.55

அந்தக் கல்யாணத்துக்கு டிஜிசிஏ விசாரணை வந்தது, விமான ஊழியர்களைப் பணியில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். ஊரடங்கு நேரம் வேறு. சிரிப்பு வரவில்லை தம்பி.

டிராவல்_டெஸ்க் | செவ்வாய், மதியம் 1.30

எல்லோரும் ஒரே பக்கம் அடிக்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். பெரிய ஜெட் வீண் என்பது உண்மையல்ல. இந்தப் பயணத்துக்கு வீண், அவ்வளவுதான்.

போன வருஷம் எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டில் இருந்து எட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். எங்கள் ஆட்கள் நான்கு பேர். அவர்களுக்கு அவுரங்காபாத்தில் ஒரு தொழிற்சாலை, ராஜ்கோட்டில் ஒரு வார்ப்படக் கூடம் காட்ட வேண்டும். பெங்களூரில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. சாதாரண விமானத்தில் மும்பை மாறி, ராத்திரி தங்கி, மூன்று நாள் ஆகும். காலை 6க்குக் கிளம்பினோம், அவுரங்காபாத்தில் மதியம் வரை, ராஜ்கோட் ஹிராசரில் மாலை வரை, இரவு பத்தரைக்கு மறுபடி பெங்களூர். நடுவில் பறக்கும்போது உட்கார்ந்து பேசியதில்தான் ஆர்டரே முடிந்தது. நான்கு பேர் எதிரெதிரே உட்காரும் மேசை இருக்கிறதே, அதற்குத்தான் அந்தக் காசு. 8 சீட்டில் அது நடந்திருக்காது, பாதிப் பேர் வேறு விமானத்தில் இருந்திருப்பார்கள்.

நான் பார்த்தவரை மூன்று நான்கு ஊரை ஒரே நாளில் தொட வேண்டும், அந்த ஊர்களுக்கு நேர் விமானம் இல்லை, பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தே இருக்க வேண்டும், அவர்களின் ஒரு நாளுக்கு உண்மையிலேயே விலை இருக்கிறது என்றால் எடுக்கலாம். நேர் விமானம் உள்ள ஊருக்குப் போய் இரண்டு நாள் நிறுத்தி வைப்பதற்கு எடுக்கக்கூடாது.

நினைத்த நேரத்தில் பறக்கலாம் என்பதும் பாதி உண்மைதான். மும்பையில் 2024 பிப்ரவரியில் இருந்து நெரிசல் நேரங்களில், ஒரு நாளில் 8 மணி நேரம், இந்த மாதிரி விமானங்களுக்குக் கட்டுப்பாடு. உங்கள் விமானம் அங்கிருந்து வர வேண்டும் என்றால் அந்த நேரத்தைத் தாண்டித்தான் கிளம்பும். நம் ஊரில் ஏரோ இந்தியா நடக்கும் பிப்ரவரியில் எலஹங்கா பக்கம் வான்வெளியை மூடிவிடுவார்கள். கோடீஸ்வரனும் காத்திருக்க வேண்டியதுதான்.

சிவாஜிநகர்_யாஸ்மின் | செவ்வாய், மாலை 5.05

புகையைப் பற்றி யாருமே பேசவில்லை. 2024ல் வந்த ஓர் ஆய்வில், தனியார் விமானங்கள் விடும் கரியமில வாயு 2019க்கும் 2023க்கும் இடையில் 46 சதவீதம் கூடியிருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தப் பறப்புகளில் கிட்டத்தட்டப் பாதி 500 கிலோமீட்டருக்குள். மாறன் அண்ணா கேட்கிற பயணமும் சரியாக அந்த ரகம். அதிலும் காலியாக மும்பை போய் வருவது வேறு.

அல்சூர்_தம்பி | செவ்வாய், மாலை 5.12

சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்கிற வண்டிகளை விடவா யாஸ்மின்?

சிவாஜிநகர்_யாஸ்மின் | செவ்வாய், மாலை 5.20

அதில் நானும்தான் நிற்கிறேன். அதற்காக இது சரியாகிவிடுமா?

கோரமங்களா_கௌரி | செவ்வாய், இரவு 8.40

மாறன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் முழங்கால்தான் காரணம் என்றால் 13 சீட் ஏன்? அப்பா, அம்மா, துணைக்கு இரண்டு பேர் போதுமே. பெங்களூரில் கிடைக்கும் ஆறேழு சீட் கிங் ஏர் ஒன்றை எடுத்தால் காலிப் பயணம் குறையும், செலவு இதில் கால்வாசிகூட ஆகாது. நீங்கள் அதை விசாரித்ததாகவே தெரியவில்லை. வேறு யாராவது சொந்தத்தில் இதற்கு முன் எடுத்தார்களா?

பீன்யா_மாறன் | செவ்வாய், இரவு 11.25

கௌரி மேடம், நீங்கள் ஆடிட்டர் ஆகியிருக்கலாம்.

ஆமாம். போன ஆவணியில் என் சகலை, பெண் கல்யாணத்துக்கு கோயம்புத்தூர் வரை ஜெட் எடுத்தார். விமானப் படியில் நின்று எல்லோரும் எடுத்த ஃபோட்டோ இன்னும் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்புப் படமாக இருக்கிறது. காலையில் ஃபோனைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. முழங்கால் உண்மைதான். ஆனால் 13 சீட் அந்த ஃபோட்டோவால் வந்தது. கிங் ஏர் விசாரித்தேன், சொல்லவில்லை. ஏழரை லட்சம் சொன்னார்கள். முன்னால் காற்றாடி சுற்றுகிறதே என்று மனசு ஒப்பவில்லை.

இன்று ராத்திரி அப்பாவிடமே பேசினேன். விமானத்தைப் பற்றி முழுக்கச் சொன்னேன், படம் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தார். "திருச்சியில இருந்து கார்ல எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். மூன்றரை மணி நேரம் என்றேன். "அப்ப என் முட்டி மடங்கறது அங்கதானே?" என்றார்.

எனக்கு அது உறைக்கவே இல்லை. பத்து நாளாக அந்த 50 நிமிஷத்துக்குத்தான் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

விமானபுரா_தாத்தா | புதன், காலை 6.30

உங்கள் அப்பாவை எச்ஏஎல்லில் சேர்த்திருக்க வேண்டும்.

கோரமங்களா_கௌரி | புதன், காலை 9.10

அப்படியென்றால் காசை அந்த மூன்றரை மணி நேரத்தில் செலவு செய்யுங்கள். ஏடிஆரில் திருச்சி இறங்கி, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் வந்து, அன்று ராத்திரி அங்கே தங்கிவிடுங்கள். நடுவில் தஞ்சாவூரில் ஒரு முறை நிறுத்திக் காலை நீட்டச் சொல்லுங்கள். மறுநாள் மிச்சம் 57 கிலோமீட்டர்தான். ஒரு நாள் முன்னால் கிளம்ப வேண்டும், அவ்வளவே.

ராம்ப்_ராஜா | புதன், காலை 9.34

ஏடிஆரில் கதவு பின்பக்கம், தரைக்குப் பக்கத்தில். அங்கும் படி உண்டு, ஆனால் குறைவு. டிக்கெட் போட்டதும் வீல்சேர் கேட்டுவிடுங்கள், கடைசி நேரம் வரை விடாதீர்கள், 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்வது நல்லது. படியில் முட்டி மடக்க முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வீல்சேர் என்று மட்டும் சொன்னால் படி அடிவாரம் வரை தள்ளிக்கொண்டு வந்து "ஏறுங்கள் சார்" என்பார்கள். பின் வரிசையில் நடைவழி ஓரத்து சீட் கேளுங்கள், நடக்கும் தூரம் குறையும்.

பீன்யா_மாறன் | வெள்ளி, மாலை 6.15

ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே 36க்கு இறங்கி வந்தார், பதிவு எண் மட்டும் இன்னும் வரவில்லை. அப்பா, அம்மா, நான், மனைவி நான்கு பேரும் ஏடிஆர். பின் வரிசை கிடைத்தது. கும்பகோணத்தில் லிஃப்ட் உள்ள ஹோட்டல், தரைத்தளத்திலேயே அறை. மீதி ஒன்பது பேர் அல்சூர் தம்பியின் ரயில். பிள்ளைகள் துள்ளுகிறார்கள், மச்சான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

ஒரு உதவி. திருச்சியில் சொல்லியிருக்கும் கார் கொஞ்சம் உயரமானது. அப்பாவால் காலைத் தூக்கி வைக்க முடியாது. தாழ்வான கார் என்றால் உட்கார்ந்து எழுவது கஷ்டம். என்ன செய்யலாம்?

விமானபுரா_தாத்தா | வெள்ளி, மாலை 6.40

உயரமான காரே இருக்கட்டும். ஆறு அங்குல முக்காலி ஒன்று, அடியில் ரப்பர் வைத்தது, கையோடு எடுத்துப் போங்கள். முதலில் பின்பக்கமாக சீட்டில் உட்கார வேண்டும், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். நான் அப்படித்தான் ஏறுகிறேன். உங்கள் பட்டறையிலேயே ஒன்று வெல்டிங் வைத்துக்கொள்ளுங்களேன்.

அல்சூர்_தம்பி | வெள்ளி, இரவு 7.05

ரயில் டிக்கெட் எல்லாம் கன்ஃபர்மா அண்ணா?

பீன்யா_மாறன் | வெள்ளி, இரவு 7.09

ஐந்து கன்ஃபர்ம். நான்கு ஆர்ஏசி, 7ல் இருந்து 10 வரை. மச்சான் அந்த நான்கில் ஒன்று.

அல்சூர்_தம்பி | வெள்ளி, இரவு 7.11

ஆகிவிடும். அவரிடம் மட்டும் சார்ட் வரும் வரை சொல்லாதீர்கள்.